ஈக்வடார், நிகரகுவா குடியேறிகளின் பொருளாதார நிலையை ஒப்பிடுவது எப்படி

அமெரிக்காவில் இருக்கும் ஈக்வடார்காரர்கள் வசதியாக இருக்கிறார்களா, நிகரகுவாக்காரர்களா? மாணவர்கள் இதைக் கேட்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள், மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும் தொண்டு அமைப்புகளும் கேட்கின்றன. சென்சஸ் பியூரோவின் இணையதளத்தில் எஸ்0201 என்ற அட்டவணையைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் கிடைத்துவிடும். குடும்ப வருமானம், வறுமை விகிதம், சொந்த வீடு, கல்லூரிப் படிப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எந்த எண் பெரியது என்று பார்த்து எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்டவை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் எண்கள் சரியாக இருக்கும், அந்த மனிதர்கள் இருக்க மாட்டார்கள்.

நான் நியூயார்க்கின் குயின்ஸில் வசிக்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் ஒரு மையத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். எனக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் ஈக்வடார்காரர்கள் மிக அதிகம். அதற்கு முன் மயாமிக்கு மேற்கே ஸ்வீட்வாட்டர் பக்கம் குடியிருந்தேன். அங்கே அக்கம்பக்கம் முழுக்க நிகரகுவாக் குடும்பங்கள். இரண்டு ஊரிலும் பார்த்ததிலிருந்து நான் உறுதியாக நம்புவது இதுதான்: இவர்களுக்கு இடையிலான பண வித்தியாசத்தில் பெரும்பகுதி பிறந்த நாட்டால் வருவதில்லை. எந்த ஆண்டு வந்தார்கள், கையில் என்ன ஆவணம் இருக்கிறது, எந்த ஊரில் வாடகை கட்டுகிறார்கள் என்ற மூன்றால்தான் வருகிறது. இந்த மூன்றையும் பிரித்து வைத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு. அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

யாரை எண்ணுகிறீர்கள்?

சென்சஸ் பியூரோ ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்க சமூகக் கணக்கெடுப்புதான் நமக்கு முக்கியமான ஆதாரம். அதில் இந்தச் சமூகங்களை இரண்டு வழியில் பிடிக்கலாம். ஒன்று, ஹிஸ்பானிக் பூர்விகம், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவரா என்பது பற்றிய கேள்வி. அதன் அட்டவணை பி03001. இன்னொன்று, எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்வி. அதன் அட்டவணை பி05006. முதல் அட்டவணையில், குயின்ஸில் பிறந்து படித்துக் கணக்காளராக வேலை பார்க்கும் மகளும் ஈக்வடார்காரர்தான். இரண்டாவதில் அவர் இருக்க மாட்டார், ஈக்வடாரின் குவென்கா நகரத்திலிருந்து வந்த அவருடைய அம்மா மட்டுமே இருப்பார். குடியேறிகளைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் பிறந்த நாட்டை எடுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள்.

பிறந்த நாட்டை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஈக்வடாரின் மலைப்பகுதியிலிருந்து வரும் கிச்வா பழங்குடி மக்களில் சிலர் தங்களை ஹிஸ்பானிக் என்று குறிப்பதில்லை. நிகரகுவாவின் கரீபியக் கரையில், புளூஃபீல்ட்ஸ் பக்கம், கிரியோல் ஆங்கிலம் பேசும் கறுப்பின மக்களும் மிஸ்கிட்டோ பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். அவர்களிடையேயும் இது உண்டு. பூர்விகக் கேள்வியை மட்டும் நம்பினால் இவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 2000 சென்சஸில் ஈக்வடார் பூர்விகத்தினர் 2,60,559 பேர், நிகரகுவா பூர்விகத்தினர் 1,77,684 பேர். 2010-இல் அது 5,64,631 ஆகவும் 3,48,202 ஆகவும் ஆனது. பத்தே ஆண்டில் ஒன்று இரு மடங்கைத் தாண்டிவிட்டது, மற்றது இரு மடங்கை நெருங்கிவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் 2000 படிவத்தில் ‘வேறு ஹிஸ்பானிக்’ என்ற கட்டத்துக்கு அருகே எடுத்துக்காட்டு நாடுகள் எதுவும் அச்சிடப்படவில்லை. அதனால் பலர் நாட்டின் பெயரை எழுதாமல் பொதுவாக ‘ஹிஸ்பானிக்’ என்றே எழுதிவிட்டார்கள். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் குழுக்கள் அந்த ஆண்டு குறைவாகப் பதிவானதற்கு இது முக்கியக் காரணம். 2010-இல் எடுத்துக்காட்டுகள் திரும்ப வந்தன. ஆகவே அந்த வளர்ச்சியில் ஒரு பகுதி படிவத்தால் வந்தது, ஆட்களால் அல்ல.

வந்த ஆண்டைக் கொண்டு பிரியுங்கள்

ஆயத்த அட்டவணைகள் இதற்குப் போதாது. மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ஐபம்ஸ் தளத்தில் கணக்கெடுப்பின் தனிநபர் பதிவுகள், பெயர் முகவரி இல்லாமல், இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குத் தொடங்கி, பிறந்த நாடு, வந்த ஆண்டு, குடியுரிமை, தொழில், சம்பளம், குடும்ப வருமானம், வசிக்கும் மாவட்டம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எடை இருக்கும்; அந்த ஒருவர் எத்தனை பேரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்பது அது. எடையைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் எல்லாமே தவறாகிவிடும்.

பிறகு வந்த ஆண்டை எப்படித் துண்டு போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பத்துப் பத்து ஆண்டாக வெட்டாதீர்கள். இரு நாடுகளின் வரலாறு எங்கே திரும்பியதோ அங்கே வெட்டுங்கள்.

ஈக்வடாரை எடுத்துக்கொள்வோம். அசுவாய், கன்யார் மாகாணங்களில் வைக்கோல் தொப்பி பின்னுவது பெரிய தொழில். உலகம் முழுக்க பனாமா தொப்பி என்ற பெயரில் விற்றது இதுதான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வியாபாரம் படுத்தபோது, ஏற்றுமதித் தொடர்புகளின் வழியே நியூயார்க் வந்து சேர்ந்தவர்கள் முதல் வரிசை. அடுத்தது 1999. அந்த மார்ச்சில் அரசே வங்கிகளை மூடி, மக்களின் சேமிப்பை முடக்கியது. 2000 ஜனவரியில் ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்ற விகிதத்தில் நாடு டாலருக்கே மாறுவதாக அறிவித்தது. அந்த மாதமே அதிபர் ஹமில் மவாட் பதவியிழந்தார். வங்கியில் போட்ட பணம் கண்ணெதிரே கரைந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் வெளியேறின. அப்போது பலர் போனது ஸ்பெயினுக்கு. 2003-இல் அங்கே விசா கட்டாயமாகும் வரை அந்த வழி எளிதாக இருந்தது. அமெரிக்காவுக்கு வந்தவர்களில் அசுவாய், கன்யார்காரர்கள் அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு இங்கே ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மூன்றாவது அலை 2021. மெக்சிகோவுக்கு விசா இல்லாமல் பறக்கலாம் என்ற சலுகை அந்த ஆண்டு செப்டம்பரில் முடியும் வரை விமானத்தில் வந்தார்கள், அதன் பிறகு கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையே உள்ள டேரியன் காட்டு வழியே நடந்தார்கள். துறைமுக நகரங்களில் கும்பல் வன்முறை முற்றி, 2024 ஜனவரியில் அதிபர் டேனியல் நொபோவா உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவிக்கும் அளவுக்குப் போனது.

நிகரகுவாவின் திருப்பங்கள் வேறு. 1979 ஜூலையில் சாண்டினிஸ்டா புரட்சியில் சொமோசாவின் சர்வாதிகார ஆட்சி விழுந்தவுடன் மயாமிக்கு வந்தவர்களில் நிலம், தொழில், படிப்பு உள்ளவர்கள் நிறைய. 1980-களில் புரட்சி அரசுக்கு எதிராகக் கான்ட்ரா படைகள் நடத்திய போரும் பொருளாதாரச் சரிவும் விவசாயிகளையும் தொழிலாளர்களையும் துரத்தின. 1989 தொடக்கத்தில் மயாமியின் ஒரு பேஸ்பால் அரங்கில் அகதிகளைத் தங்கவைக்க வேண்டிய நிலை வந்தது. ஒரே நாடு, ஒரே ஊர், பத்தாண்டு இடைவெளி. வந்து இறங்கியபோது கையில் இருந்த பணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிறகு 1998-இன் மிட்ச் சூறாவளி, 2018 ஏப்ரல் போராட்டங்களும் அடக்குமுறையும், அதன் பின் வந்த பெரிய வெளியேற்றம். 2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் நிகரகுவாக்காரர்கள் 1,60,000 முறைக்கு மேல் பதிவானார்கள். முறை என்று சொல்வதைக் கவனியுங்கள். அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, ஒருவரே இருமுறை பதிவாகலாம்.

நான் போடும் துண்டுகள்: 1995 வரை வந்தவர்கள், 1996 முதல் 2017 வரை, 2018-க்குப் பின். முதல் கோடு ஏன் 1995-இல் விழுகிறது என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

ஆவணம்: மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்

இந்த ஒரு பகுதிக்கு நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1997 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நகாரா என்று அழைக்கப்படும் சட்டத்தை நிறைவேற்றியது. 1995 டிசம்பர் 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து இங்கே இருக்கும் நிகரகுவாக்காரர்களும் கியூபாக்காரர்களும் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. அதாவது, முறையான ஆவணம் இல்லாமல் பத்தாண்டு கூரை வேலை செய்தவர் ஒரே விண்ணப்பத்தில் கிரீன் கார்டுக்காரர் ஆனார். அதன் பிறகு ஐந்தாண்டில் குடியுரிமை, அதன் பிறகு பெற்றோரை வரவழைப்பது, வங்கியில் வீட்டுக் கடன், தொழில் உரிமம் என்று ஒவ்வொன்றாகக் கதவுகள் திறந்தன. ஸ்வீட்வாட்டரில் எங்கள் தெருவில் சொந்த வீடு வைத்திருந்த நிகரகுவாக் குடும்பங்களில் பல இந்தச் சட்டத்தின் வழியே வந்தவைதான். எங்கள் மாடிவீட்டு அம்மா அந்த விண்ணப்பத்தின் நகலை இன்னும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்.

ஈக்வடார்காரர்களுக்கு இப்படி ஒரு சட்டம் வந்ததே இல்லை. 1993-இல் குயின்ஸ் வந்த ஈக்வடார் கொத்தனாரும் 1993-இல் மயாமி வந்த நிகரகுவாக் கொத்தனாரும் ஒரே வேலை, ஒரே வயது, ஒரே படிப்பு உள்ளவர்களாக இருக்கலாம். முப்பது ஆண்டு கழித்து ஒருவர் பெயரில் வீடு இருக்கிறது, இன்னொருவர் பெயரில் ஒன்றும் இல்லை என்றால், அதற்குக் காரணம் உழைப்போ பண்பாடோ அல்ல. இதைக் கவனிக்காமல் ‘நிகரகுவாக்காரர்கள் வீடு வாங்கும் சமூகம்’ என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

தற்காலிகப் பாதுகாப்பு நிலையும் அப்படித்தான். சொந்த நாட்டில் பேரிடரோ போரோ இருக்கும்போது, இங்கே இருப்பவர்களைத் திருப்பி அனுப்பாமல் வேலை செய்யவும் விடும் ஏற்பாடு அது. மிட்ச் சூறாவளியை முன்னிட்டு 1999 ஜனவரியில் நிகரகுவாவுக்குக் கொடுத்தார்கள், ஈக்வடாருக்குக் கொடுத்ததில்லை. ஆனால் இதைப் பெரிதாக்கிவிடாதீர்கள். 1998 டிசம்பர் இறுதியிலிருந்தே இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும், அதைக் கையில் வைத்திருந்தவர்கள் கடைசியில் சில ஆயிரம் பேர்தான். 2025 ஜூலையில் அதை முடிப்பதாக அரசு அறிவித்தது, வழக்குகள் தொடர்ந்தன. அதைவிடப் பெரியது 2023 ஜனவரியில் வந்த பரோல் திட்டம். இது சிறைப் பரோல் அல்ல, விசா இல்லாமலே தற்காலிகமாக நாட்டுக்குள் வர அரசு தரும் அனுமதி. கியூபா, ஹைத்தி, வெனிசுவேலாவோடு நிகரகுவாவும் அதில் இருந்தது, ஈக்வடார் இல்லை. பரோலில் வந்தவர் வந்தவுடனே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எல்லையில் தஞ்சம் கேட்ட ஈக்வடார்காரர், தஞ்ச மனு போட்டு 150 நாள் காத்திருந்துதான் விண்ணப்பிக்க முடியும். அந்தப் பரோலையும் 2025-இல் அரசு ரத்து செய்தது. நேற்று வரை சம்பளச் சீட்டோடு வேலை பார்த்தவர்கள் மறுபடி ரொக்கக் கூலிக்குப் போனார்கள்.

ஆவணம் பணமாக மாறுவது எப்படி என்பதை வரி மையத்தில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு குடும்பம், ஆண்டுச் சம்பளம் 28,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐவருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால், 2024 வரியாண்டுக்கு உழைப்பு வருமானச் சலுகையாக 7,830 டாலர் கிடைக்கும். பெற்றோர் ஐடின் எண்ணில், அதாவது சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரி கட்டுவதற்காகத் தரப்படும், 9-இல் தொடங்கும் எண்ணில் வரி கட்டுகிறவர்கள் என்றால், அதே உழைப்புக்கு, அதே சம்பளத்துக்கு, அந்தச் சலுகை பூஜ்யம். 2025 வரியாண்டிலிருந்து குழந்தை வரிச் சலுகைக்கும் பெற்றோரில் ஒருவருக்காவது சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று சட்டம் மாறியது. பிள்ளைகள் குயின்ஸ் மருத்துவமனையில் பிறந்த அமெரிக்கக் குடிமக்களாக இருந்தாலும், பெற்றோர் இருவரும் ஐடின்காரர்கள் என்றால் இல்லை. அதைச் சொல்லும் வேலை என்னுடையது. சுலபமான வேலை அல்ல.

இப்போது முக்கியமான நுட்பம். அதிகாரபூர்வ வறுமை விகிதம் வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. மேலே சொன்ன இரு குடும்பங்களும் அதில் சமம். 7,830 டாலர் வித்தியாசம் அதில் தெரியவே தெரியாது. துணை வறுமை அளவீடு என்று இன்னொன்று இருக்கிறது. வரிச் சலுகை, உணவு உதவி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அது கணக்கில் கொள்கிறது. இந்த இரு சமூகங்களை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

கணக்கெடுப்பில் யாருடைய சட்டநிலையும் கேட்கப்படுவதில்லை. பிறப்பிலேயே குடிமகனா, பிறகு குடியுரிமை பெற்றவரா, பெறாதவரா என்பது மட்டும்தான் இருக்கும். ஆகவே வந்த ஆண்டையும் குடியுரிமையையும் சேர்த்து வைத்து ஊகிக்க வேண்டும். 1995-க்கு முன் வந்தவர்களில் எத்தனை சதவீதம் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள் என்று இரு குழுவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு குடியுரிமை பெற்றவர்களை மட்டும் எடுத்து வருமானத்தையும் வீட்டையும் ஒப்பிடுங்கள். பெறாதவர்களைத் தனியாக ஒப்பிடுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் வித்தியாசம்தான் விளக்கம் தேவைப்படும் வித்தியாசம்.

ஊரும் வாடகையும்

ஈக்வடார்காரர்கள் நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் வட்டாரத்தில் குவிந்திருக்கிறார்கள்: குயின்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா, நியூவார்க்கின் அயர்ன்பவுண்ட், டான்பரி, ஆசினிங். நிகரகுவாக்காரர்கள் தெற்கு ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும். தேசிய சராசரியை ஒப்பிடும்போது நீங்கள் உண்மையில் ஒப்பிடுவது குயின்ஸையும் மயாமியையும்தான். நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 16.50 டாலர். ஃபுளோரிடாவில் அந்த ஆண்டு செப்டம்பர் இறுதி வரை 13, அதன் பின் 14. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. அதிகாரபூர்வ வறுமைக் கோடோ எல்லா மாநிலத்துக்கும் ஒன்று. குயின்ஸ் வாடகை அதற்குத் தெரியாது.

சட்டச் சூழலும் வேறு. 2019 டிசம்பரிலிருந்து நியூயார்க்கில் சட்டநிலை பார்க்காமல் ஓட்டுநர் உரிமம் கொடுக்கிறார்கள். கட்டட வேலைக்காரருக்கு உரிமம் என்றால் வண்டி, வண்டி என்றால் சொந்தக் கருவிகள், கருவிகள் என்றால் தனி ஒப்பந்த வேலை. ஃபுளோரிடாவில் 2023-இல் வந்த சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் புதியவர்களின் வேலை அனுமதியை மின்னணு முறையில் சரிபார்த்தே ஆக வேண்டும் என்றது.

வழி என்ன? ஒரே மாவட்டத்துக்குள் ஒப்பிடுங்கள். மயாமி-டேட் மாவட்டத்தில் இரு சமூகமும் இருக்கின்றன, லாஸ் ஏஞ்சலஸிலும் இருக்கின்றன. குயின்ஸில் நிகரகுவாக்காரர்கள் மிகக் குறைவு, அங்கே முயன்றால் மாதிரி பத்தாது. மாவட்டங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் வெளியிடும் வட்டார விலைக் குறியீட்டால் வருமானத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வருமானம் என்ற எண்

குடும்ப வருமானத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் என்பது ஒளிந்துகொள்கிறது. குயின்ஸின் கொரோனா பகுதியில் ஒரே அபார்ட்மென்ட்டில் தம்பதி, பிள்ளைகள், மனைவியின் தம்பி, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் என்று இருப்பது சாதாரணம். நான்கு பேர் சம்பாதிக்கும் வீட்டின் வருமானம் பெரிதாகத்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய, வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது வழக்கம். கற்பனையாக இரு வீடுகளை எடுப்போம். முதல் வீட்டில் ஆறு பேர், 90,000 டாலர். இரண்டாவதில் மூன்று பேர், 70,000 டாலர். வகுத்தால் முதல் வீட்டுக்குச் சுமார் 36,700, இரண்டாவதற்குச் சுமார் 40,400. வரிசை தலைகீழாகிவிட்டது. வாடகைக்கு உள்ளே தங்கியிருக்கும் வெளியாளைக் குடும்பத்தில் சேர்ப்பதா இல்லையா என்பதையும் ஒரு விதியாக வைத்து, இரு சமூகத்துக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள்.

சம்பளம் எப்படி வருகிறது என்பதும் முக்கியம். ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் கூலி வாங்கும் கட்டடத் தொழிலாளி, முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் சுயதொழில் வரி கட்டுகிறார். சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு அதில் பாதிதான் பிடித்தம். ஐபம்ஸ் பதிவுகளில் ஊதியமும் தொழில் வருமானமும் தனித்தனிப் பத்திகள், இரண்டையும் பாருங்கள்.

பிழை எல்லையைத் தாண்டுகிறதா?

கணக்கெடுப்பு ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளை மட்டும்தான் எடுக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பிழை எல்லை இருக்கும்; உண்மையான எண் அதிலிருந்து எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது அது. சிறிய சமூகங்களுக்கு அது பெரிது. கணக்கு எளிது: இரு பிழை எல்லைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். ஒரு குழுவின் வருமானம் 68,000, பிழை எல்லை 4,000. மற்றதன் வருமானம் 64,500, பிழை எல்லை 3,800 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3,500. வித்தியாசத்தின் பிழை எல்லையோ ஏறக்குறைய 5,500. அப்படியானால் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாண்டுத் தொகுப்பில் பிழை குறைவு, ஆனால் புதிய அலையைப் பழையவர்களோடு கலந்துவிடும். 2020-இன் ஓராண்டு எண்கள் பெருந்தொற்றால் வழக்கமான தரத்தில் வெளியாகவில்லை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வெளியே போகும் பணம்

வருமான அட்டவணையில் கடனும் இல்லை, ஊருக்கு அனுப்பும் பணமும் இல்லை. இரண்டும் இந்தச் சமூகங்களில் பெரிய விஷயம்.

ஈக்வடாரின் மலைக் கிராமங்களில் பயணச் செலவுக்குப் பணம் தருகிறவர்களைச் சுல்கேரோ என்பார்கள். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்து வாங்கும் கடன் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், வட்டியும் கொடியது. இங்கே வந்து சில ஆண்டு உழைப்பு அதற்கே போகும். வெளியிலிருந்து பார்த்தால் அவர் சம்பாதிக்கிறார், வீட்டில் சோற்றுக்கு அளந்துதான் செலவு. விசாவோடு விமானத்தில் வந்தவரையும் இப்படி வந்தவரையும் ஒரே வருமானப் பிரிவில் வைப்பது நியாயமில்லை.

ஊருக்குப் போகும் பணத்தை இரு நாடுகளின் மத்திய வங்கிகளும் வெளியிடுகின்றன. நிகரகுவாவில் அது நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. ஈக்வடாரில் மொத்தத் தொகை அதைவிடப் பெரிது, ஆனால் உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான், ஏனென்றால் பொருளாதாரம் பல மடங்கு பெரியது. இதை வைத்து ‘நிகரகுவாக்காரர்கள் அதிகம் அனுப்புகிறார்கள்’ என்று எழுதினால் தவறு. மொத்தத்தை அமெரிக்காவில் இருக்கும் ஆட்களால் வகுப்பதும் தவறு. ஈக்வடாருக்கு ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறது, நிகரகுவாவுக்குக் கோஸ்டாரிகாவிலிருந்தும் வருகிறது. நாடு வாரியான பிரிவை எடுத்து, அமெரிக்காவின் பங்கை மட்டும் வகுங்கள். ஈக்வடாரில் டாலர் அப்படியே செலவாகும், நிகரகுவாவில் சுமார் 36.6 கோர்டொபாவாக மாறும். 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை. கணக்குத் திறக்க முடிகிறவர் யார் என்று கேட்டால் மறுபடி ஆவணத்தில்தான் வந்து நிற்போம்.

நேரில் கேட்கும்போது

எண்கள் முடிந்த பிறகு மனிதர்களிடம் போங்கள். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். யாரும் உண்மை சொல்ல வேண்டிய அவசியமில்லை. வாடகையை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள், சம்பளம் காசோலையா ரொக்கமா, மழை நாளில் வேலை இல்லையென்றால் என்ன செய்வார்கள், பல் வலித்தால் எங்கே போவார்கள் என்று கேளுங்கள். நான்கு கேள்வியில் ஒரு வீட்டின் நிலைமை தெரிந்துவிடும்.

சட்டநிலையைக் கேட்கவே கூடாது. அவர்களே சொன்னாலும் எழுதிவைக்கக் கூடாது. பெயர், தெரு, முதலாளி எதுவும் குறிப்பேட்டில் வேண்டாம். உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்வதென்றால், அது யார் கைக்கெல்லாம் போகலாம் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். நம்மிடம் பேசியதற்காக ஒரு குடும்பம் துன்பப்படக் கூடாது, அதைவிட முக்கியமான ஆய்வு எதுவும் இல்லை. குயின்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஏழாம் எண் ரயிலுக்குக் கீழே பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் நின்று கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் நின்று பேச மாட்டார்கள். தேவாலயம், கைப்பந்துத் திடல், ஆங்கில வகுப்பு போன்ற இடங்களில் தெரிந்தவர் ஒருவர் வழியாகப் போங்கள். ஈக்வடார்காரர்களின் கைப்பந்து ஆட்டத்தில் ஞாயிறு மதியம் முழுக்க உட்கார நேரம் ஒதுக்குங்கள். பேச்சு மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

எழுதும்போது

ஒரே பெரிய அட்டவணை போடாதீர்கள். வந்த காலம் மூன்று, குடியுரிமை உண்டு அல்லது இல்லை. இப்படி ஆறு சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரு சமூகத்துக்கும் ஆள் எண்ணிக்கை, சரிசெய்த வருமானம், சொந்த வீடு, பிழை எல்லை. மாதிரி மிகச் சிறிதாக இருக்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

எந்த ஆண்டின் தரவு என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். ஓராண்டு எண்கள் வழக்கமாக அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் வரும். பரோல் ரத்தானதன் விளைவு 2024 தரவில் இருக்கவே இருக்காது. 2020 சென்சஸில் ஹிஸ்பானிக் மக்கள் ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைவாக எண்ணப்பட்டதாகப் பியூரோவே பின்னர் கண்டறிந்தது. கதவைத் தட்டினால் திறக்கப் பயப்படும் ஆண்டுகளில் எடுத்த எண்களைப் படிக்கும்போது, முதலில் விடுபட்டிருப்பவர்கள் மிகப் புதியவர்களும் மிக ஏழைகளும்தான் என்று வைத்துக்கொண்டே படியுங்கள். அந்தக் குறிப்பை அட்டவணைக்குக் கீழே அல்ல, மேலேயே போடுங்கள்.